புகார்க் குழுவில் வேலுத்தாய்

வேலுத்தாய் வாய் திறந்தால் கம்பெனி கேட்டுக்கு வெளியே இருக்கும் டீக்கடைக்காரருக்கும் கேட்கும். நாரணாபுரம் ரோட்டில் இருந்த அந்தக் கம்பி மத்தாப்புக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் அவளுக்குப் பதினாறு வருட சர்வீஸ். பெட்டிக்குப் பத்துக் கம்பி. எண்ணவே மாட்டாள். ஒரு அள்ளு அள்ளுவாள், பிரித்துப் பார்த்தால் சரியாகப் பத்து இருக்கும். கை ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, வாய் இன்னொரு பக்கம் ஓடும்.

ஆட்களுக்குப் பட்டப்பேர் வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மணிக்கொரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் மேனேஜருக்கு 'அலாரம்'. மெதுவாகப் பசை தடவும் முருகம்மாளுக்கு 'ஈரச்சாக்கு'. வீட்டில் புருசன் சங்கிலிமுத்துவுக்கு 'மண்ணுளி'. ஆப்செட் பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டும் அவர் ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். தனக்கும் ஒரு பேர் வைத்துக்கொண்டிருந்தாள்: 'ரேடியோ'. சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்த குடும்பத்தில் பிறந்தவள், பத்தாவது முடித்த கையோடு தீப்பெட்டி ஆபீசுக்கு வந்தவள். சிரிப்பும் சத்தமும் இல்லாமல் எட்டு மணி நேரத்தை எப்படித் தள்ளுவது என்பது அவளுடைய கட்சி. பேக்கிங் ரூம் அவளால்தான் கலகலப்பாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அதில் பொய் இல்லை.

அப்படிப்பட்டவளை ஒரு நாள் ஆபீசுக்குக் கூப்பிட்டு, "உன்னைப் புகார்க் குழுவுல போட்டிருக்கு" என்றாள் சொர்ணலட்சுமி.

சொர்ணலட்சுமிதான் ஆபீஸ் பொறுப்பு. முடியை இறுக்கிக் கொண்டை போட்டு, இறுக்கமாகவே பேசுகிறவள். அரசாங்கத்திலிருந்து சோதனைக்கு வந்தவர்கள், பெண்கள் வேலை பார்க்கும் இடத்தில் சட்டப்படி இருக்க வேண்டிய உள்புகார்க் குழு எங்கே என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தலைவியாகச் சொர்ணலட்சுமி, எழுதுகிற வேலைக்கு ஆபீஸ் செழியன், வெளியாளாக விருதுநகரிலிருந்து மஹ்ரீன் என்ற வக்கீல். தொழிலாளர் சார்பாக ஒரு பெண் வேண்டும்.

"என்னைய எதுக்குக்கா?"

"எல்லாரும் உன்கிட்டத்தான எல்லாத்தையும் சொல்றாக. யாரு வீட்டுல என்ன குழம்புன்னுகூட உனக்குத் தெரியும். அதான்."

வேலுத்தாய்க்குத் தலைகால் புரியவில்லை. நோட்டீஸ் போர்டில் அவள் போட்டோவை ஒட்டினார்கள். மத்தியானத்துக்குள் நாலு தடவை தண்ணீர் குடிக்கிற சாக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

பயிற்சி விருதுநகரில் இரண்டு நாள். மில், பிரஸ், தீப்பெட்டி, மத்தாப்பு என்று பல கம்பெனிகளிலிருந்து நாற்பது பேர் வந்திருந்தார்கள். பயிற்சி கொடுத்தது மஹ்ரீனேதான். முப்பது வயதுதான் இருக்கும். தலையில் நீலத் துணி, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். சட்டத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு, "இனிமேத்தான் கஷ்டமான பாடம். கேக்குறது" என்றாள்.

இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருத்தி வேலை இடத்தில் பட்ட தொல்லை ஒன்றைச் சொல்ல வேண்டும், நடந்ததோ கற்பனையோ. மற்றவள் மூன்று நிமிடம் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும்; கடைசியில் 'அப்புறம்?' என்று மட்டும் கேட்கலாம். அவ்வளவுதான் விளையாட்டு. வேலுத்தாய்க்கு ஜோடியாக ராஜபாளையம் மில்லிலிருந்து வந்த ஒல்லியான பெண் உட்கார்ந்தாள்.

"எங்க சூப்பர்வைசர் தினமும் மிஷின்கிட்ட வந்து..."

"தினமுமா? செருப்பைக் கழட்ட வேண்டியதுதான புள்ள!"

கையில் போனை வைத்து நேரம் பார்த்துக்கொண்டிருந்த மஹ்ரீன், "ஏழு நொடி" என்றாள். கூடம் கொல்லென்று சிரித்தது. வேலுத்தாயும் சேர்ந்து சிரித்தாள்.

"இன்னொரு தடவை பாப்போமாக்கா?"

இந்த முறை உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அந்தப் பெண் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்து, நூல் எடுக்க ஒரு நாள் குடோனுக்குப் போனபோது என்று சொன்னதும், வேலுத்தாய்க்குத் தாங்கவில்லை.

"நீ ஏன் தனியாப் போன?"

இப்போது மஹ்ரீன் நேரத்தைச் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள். "அக்கா, இந்தக் கேள்வியக் கேட்டதும் அவங்க முகத்தப் பாத்தீங்களா?"

பார்த்தாள். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு விரலில் புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சொன்னது கற்பனை இல்லை என்று அப்போதுதான் வேலுத்தாய்க்கு உறைத்தது.

மூன்றாவது முறை முந்தானையை மடித்து வாயில் வைத்துக்கொண்டாள். மூன்று நிமிடம் ஆறு நிமிடமாயிற்று, பத்து நிமிடமாயிற்று. அந்தப் பெண் சொல்லி முடித்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டு, "இத நான் யார்கிட்டயும் முழுசாச் சொன்னதில்ல" என்றாள். வேலுத்தாய் வாயிலிருந்து துணியை எடுத்தாள். "அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள். அவ்வளவுதான் கேட்கச் சொல்லியிருந்தார்கள். கூடம் முழுக்கக் கை தட்டியது. வேலுத்தாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்து நின்று கும்பிடு போட்டாள்.

சாயங்காலம் இன்னொரு பாடம் வந்தது. கேட்டது எதுவும் குழுவைத் தாண்டி வெளியே போகக் கூடாது, வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லக் கூடாது என்றாள் மஹ்ரீன்.

வேலுத்தாய் கையைத் தூக்கினாள். "மேடம், நீங்க சொன்னதுல மத்ததெல்லாம் பாத்துக்கிடலாம். இது ஒண்ணுதான் எனக்கு உயிர் போற காரியம்."

"உண்மையச் சொல்லிட்டீங்கள்ல, அதுவே பெரிசுக்கா" என்று சிரித்தாள் மஹ்ரீன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு வேலுத்தாயும் சொர்ணலட்சுமியும் சேர்ந்து எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடப் போனார்கள். பதினாறு வருடத்தில் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சால்னா தெறித்துச் சொர்ணலட்சுமியின் மேல் விழுந்தது. "ஐயோ, ஆபீஸ் சேலை!" என்று அவள் அலறியதைப் பார்த்து, இந்த அம்மாளுக்கும் அலறத் தெரியும் போலிருக்கிறதே என்று வேலுத்தாய்க்கு ஒரே ஆனந்தம்.

திரும்பி வந்த வாரமே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பூட்டுப் போட்ட பச்சைப் பெட்டி ஒன்று மாட்டினார்கள். பெண்களுக்கான சட்டம் ஒருபுறம்; அதோடு சேர்த்து, ஆணோ பெண்ணோ யார் யாரைக் கேலி பேசினாலும் மிரட்டினாலும் இந்தக் குழுவே விசாரிக்கும் என்று கம்பெனி விதியிலும் எழுதச் சொல்லியிருந்தாள் மஹ்ரீன். பெட்டி இரண்டு வாரம் காலியாகவே கிடந்தது. வேலுத்தாய் வேலை விட்டுப் போகும்போதெல்லாம் அதைத் தட்டிப் பார்த்தாள். மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை செழியன் வந்து, ஒரு கடிதம் விழுந்திருக்கிறது, மதியம் குழு கூடுகிறது என்றான். வேலுத்தாய் முகம் கழுவி, பவுடர் போட்டு, பயிற்சியில் கொடுத்த நோட்டும் பேனாவுமாகப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சொர்ணலட்சுமியும் மஹ்ரீனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேலுத்தாய், இந்தப் புகார்ல நீ உக்கார முடியாது" என்றாள் சொர்ணலட்சுமி.

"ஏன்க்கா?"

"புகாரே உன் மேலதான்."

முதலில் சிரித்தாள். மற்ற மூன்று பேரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

மஹ்ரீன் நிதானமாகச் சொன்னாள். புகாரின் நகல் அவளுக்குத் தரப்படும். படித்துப் பார்த்து, மூன்று நாள் கழித்து வந்து பதில் சொல்லலாம். எழுதியவர் லோடு ஏற்றும் மாரீஸ்வரன். அவரிடம் அதுவரை இதைப் பற்றிப் பேசக் கூடாது. வேலுத்தாய் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். பேக்கிங் ரூமில் அன்று மதியம் சத்தமே இல்லை. "ரேடியோவுக்கு என்ன, கரண்டு இல்லையா?" என்று யாரோ கேட்டார்கள். பதில் சொல்லாமல் கம்பியை அள்ளினாள். பதினொன்று வந்தது.

வீட்டுக்குப் போய்த்தான் பிரித்தாள். மாரீஸ்வரன் பள்ளிக்கூடத்துப் பையன்போல முத்து முத்தாக எழுதியிருந்தார்.

'எனக்கு முப்பத்தாறு வயசு. கல்யாணம் அமையவில்லை. பேக்கிங்கில் இருக்கும் வேலுத்தாய் அக்கா இரண்டு வருசத்துக்கு முன்னால் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இப்போது கம்பெனி பூராவும் அப்படித்தான் கூப்பிடுகிறது. நான் வண்டி தள்ளிக்கொண்டு வந்தால் அட்டைப் பெட்டியில் மேளம் அடிக்கிறார்கள். நேற்று வேலைக்கு வந்தவர்களும் அடிக்கிறார்கள். ஒரு நாள் எங்கள் அம்மா சோறு கொண்டுவந்தபோது அவர்கள் முன்னாலும் அடித்தார்கள். அம்மா தூக்குவாளியை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார்கள். அதிலிருந்து நான் குடோனைச் சுற்றிப் பின் வழியாக வருகிறேன். சாப்பாடும் தனியாகத்தான். வேறு கம்பெனி பார்க்கலாம் என்று இருக்கிறேன். போவதற்கு முன்னால் ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாம் என்று எழுதுகிறேன்.'

வேலுத்தாய்க்கு முதலில் கோபம்தான் வந்தது. பாத்திரத்தை எல்லாம் போட்டு உருட்டினாள். சங்கிலிமுத்து வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்காருங்க, பேரைச் சொல்லக் கூடாது, அதனால சொல்லல. ஒரு ஆளு எம் மேல புகார் எழுதிப் போட்டிருக்காரு. நான் கேலி பண்ணிப் பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடுதேனாம். விளையாட்டுக்குப் பேசுறதுகூட ஒரு குத்தமா?"

சங்கிலிமுத்து துணியைப் பிழிந்தார். "எனக்கு மண்ணுளின்னு பேர் வச்சு இருபத்திரண்டு வருசம் ஆச்சு."

"உங்களுக்குக் கோவமா வந்துச்சு?"

"மொத மூணு வருசம் வந்துச்சு."

"அப்பவே சொல்ல வேண்டியதுதான!"

"எங்கன போய்ச் சொல்ல? அப்பப் பெட்டி இல்லையே."

வேலுத்தாய்க்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சங்கிலிமுத்து சைக்கிளை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் கோட்டா முடிந்திருந்தது. மாரீஸ்வரனின் அம்மா தூக்குவாளியைக் கீழே வைத்த இடம் மட்டும் வேலுத்தாயின் கண்ணைவிட்டு நகரவே இல்லை. அன்று வேலுத்தாய்தான் அட்டைப் பெட்டியில் முதல் அடி அடித்தவள்.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. எதிரும் புதிருமாக நாற்காலி போட வேண்டாம் என்று மஹ்ரீன் வட்டமாகப் போட்டிருந்தாள். சேர்ந்து உட்கார்ந்து பேச மாரீஸ்வரனிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்டிருந்தார்கள். அவர் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலுத்தாயின் நாக்கு நுனியில் 'சும்மா விளையாட்டுக்குத்தான தம்பி' என்ற வார்த்தை வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"நீங்க எழுதுனது அம்புட்டும் நெசம்" என்றாள். "உங்க அம்மா வந்த அன்னைக்கு அவுக மொகத்த நான் ஏறெடுத்துக்கூடப் பாக்கல. எல்லாரும் சிரிக்கிறாகளான்னுதான் பாத்தேன். அதுலருந்து நீங்க பின்வழியாச் சுத்திப் போறதக்கூட நான் கவனிக்கல. எம் மேலதான் தப்பு. மன்னிச்சிருங்க."

மாரீஸ்வரன் அவள் சண்டைக்கு வருவாள் என்று நினைத்து, பதில் எல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். அதெல்லாம் வீணாகிப்போக, செழியனைப் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்கண்ணே" என்றாள் மஹ்ரீன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் பேரச் சொல்லிக் கூப்பிடணும். எல்லாரும். ஆரம்பிச்சு வச்சவுகளே நிறுத்தட்டும்."

அதோடு கம்பெனி விதிப்படி வேலுத்தாய்க்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவள், தானாகவே ஒரு தாளில் குழுவிலிருந்து விலகுவதாக எழுதிச் சொர்ணலட்சுமியிடம் நீட்டினாள். சொர்ணலட்சுமி அதை மேசை டிராயரில் போட்டாள். "பாப்பம்" என்றாள்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு ஷெட்டில் வேலுத்தாய் எழுந்து நின்றாள். மாரீஸ்வரனிடம் முதலில் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் நின்றாள். நூறு பேர் இருப்பார்கள். அவள் தொண்டைக்கு மைக் தேவைப்படவில்லை.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. ரெண்டு வருசமா மாரீஸ்வரன் தம்பிய நான் வேற பேர் சொல்லிக் கூப்பிட்டேன். உங்களையும் கூப்பிட வச்சேன். அது கேலி இல்ல, துன்பம் குடுக்குறது. எனக்கு இப்பத்தான் புரிஞ்சுச்சு. அவருகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன், உங்க முன்னாலயும் கேக்குறேன். இனிமே அவருக்குப் பேரு மாரீஸ்வரன். ஏ முருகம்மா, உன்னையும் ஈரச்சாக்குன்னு இனிமேச் சொல்ல மாட்டேன். யாருக்கு நான் பேர் வச்சிருந்தாலும் அம்புட்டும் இன்னையோட வாபஸ்."

பின்வரிசையில் ஒருத்தி பழக்கதோசத்தில் டிபன் மூடியில் ஒரு தட்டுத் தட்டினாள். "ஏ!" என்றாள் வேலுத்தாய். மூடி கீழே விழுந்து உருண்டது. முருகம்மாள் வாயில் சோற்றோடு, "எனக்குப் பேர் போனதுல சந்தோசந்தான், ஆனா அலாரத்த மட்டும் வச்சிக்கிடலாமே" என்றதும், தூணுக்குப் பின்னால் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாரீஸ்வரனுக்குப் புரையேறிவிட்டது. சிரிப்பில்தான். யாரோ தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார்கள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஷெட்டுக்குள் வந்தார். ஏன் எல்லோரும் இப்படி விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அடுத்த வாரம் மாரீஸ்வரன் முன்வழியாக வண்டி தள்ளிக்கொண்டு வந்தார். பேக்கிங் ரூம் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் நின்று, "என்னக்கா, ரேடியோ சத்தமே இல்ல? ரிப்பேரா?" என்றார். "யோவ், எம் பேரு வேலுத்தாய்!" என்று அவள் கத்தினாள். அன்றைக்குத்தான் அந்த ரூமுக்குப் பழைய கலகலப்பு திரும்பியது.

கதை இதோடு முடிந்திருந்தாலே வேலுத்தாய்க்குப் போதும். ஆனால் ஒரு விஷயம் அவளுக்குத் தெரியாது. பெட்டி மாட்டிய நாளிலிருந்து கம்பெனியில் பாதிப் பெண்கள் அதை ஏமாற்று வேலை என்றே நினைத்திருந்தார்கள். குழுவில் இருக்கும் ஆள்மேலேயே புகார் போய், அவளே எழுந்து நின்று ஒத்துக்கொண்டாள், எழுதிப் போட்டவருக்கு ஒரு கெடுதலும் வரவில்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு அவர்களுக்கு ஒரு தைரியம் வந்தது.

ரோஜா அவர்களில் ஒருத்தி. காரியாபட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், இருபத்தாறு வயது. ஒரு நாள் சைக்கிள் ஷெட்டில் வேலுத்தாயின் கையைப் பிடித்தாள்.

"யக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நான் இப்பக் குழுவுல இல்ல தாயி. எழுதிக் குடுத்துட்டேன்."

"தெரியும்க்கா. இருந்தாலும் உங்ககிட்டத்தான் சொல்லணும். தப்புன்னா தப்புன்னு ஒத்துக்கிட்டவுக நீங்க ஒருத்தர்தான்."

வேலுத்தாய் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டாள். ரோஜா சொல்லிக்கொண்டே போனாள். போர்மேன் சீனிவாசகம் எட்டு மாதமாகத் தாள் ரோல் பார்க்க வேண்டும் என்று அவளை மட்டும் ஸ்டோருக்குக் கூப்பிடுவதை, தோளில் கை வைப்பதை, உதறிவிட்டால் மறுநாள் ஆள் அதிகம் என்று திருப்பி அனுப்பிவிடுவதை. சொல்லும்போது இரண்டு தடவை நின்றாள். ஏன் புருசனிடம் சொல்லவில்லை, ஏன் தனியாகப் போனாய் என்று கேட்க வேலுத்தாயின் வாயிலும் இரண்டு தடவை வந்தது. சைக்கிள் மணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ரோஜா ஏற வேண்டிய பஸ் இரண்டு போய்விட்டது. கடைசியில், "நீ என்ன செய்யணும்னு நெனைக்கிற?" என்று மட்டும் கேட்டாள்.

"அந்த ஆளு இங்க இருக்கக் கூடாது."

"அத நான் சொல்ல முடியாது. குழு விசாரிக்கணும். நான் வாக்குக் குடுத்தா அது பொய்யாயிரும். ஆனா உன்கூட வருவேன்."

மறுநாள் காலையில் இருவரும் சொர்ணலட்சுமி முன்னால் நின்றார்கள். விசாரணையில் வேலுத்தாய் அக்காவும் இருக்க வேண்டும் என்று ரோஜா கேட்டாள். சொர்ணலட்சுமி டிராயரைத் திறந்து விலகல் தாளை எடுத்தாள். இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். "நோட்டு எங்க? போய் எடுத்துட்டு வா."

விசாரணை முடியும்வரை ரோஜாவை வேறு பிரிவுக்கு மாற்றலாம் என்றார் மேனேஜர். "அவ என்ன தப்புப் பண்ணா, அவ எடம் மாறுறதுக்கு?" என்று கேட்டவள் சொர்ணலட்சுமி. சீனிவாசகத்தைத்தான் அடுத்த யூனிட்டுக்கு அனுப்பினார்கள். ரோஜா சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே செழியன் எழுதினான். ஸ்டோருக்குக் கூப்பிட்ட நாட்களும், வேலை இல்லையென்று திருப்பி அனுப்பிய நாட்களும் வருகைப் பதிவில் அடுத்தடுத்து அப்படியே இருந்தன. பிறகு இன்னும் மூன்று பெண்கள் தாமாகவே வந்தார்கள்.

சீனிவாசகம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். பதினொரு வருடப் போர்மேன், முதலாளிக்கு வேண்டியவர். வேலுத்தாயைப் பார்த்ததும் விரலை நீட்டினார்.

"நேத்து இதே ரூம்ல குத்தவாளியா உக்காந்தவ. இவளா என்னைய விசாரிக்கிறது?"

மஹ்ரீன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வேலுத்தாய் பேசிவிட்டாள், ஆனால் அவள் குரலா அது என்று செழியனே நிமிர்ந்து பார்க்கும்படி அவ்வளவு மெதுவாக.

"ஆமாண்ணே. இதே நாற்காலியிலதான் உக்காந்தேன். கேட்டாக, உள்ளதச் சொன்னேன், தப்ப ஒத்துக்கிட்டேன். இப்பக் கேள்வி உங்ககிட்ட. வைகாசி ரெண்டாம் தேதி ரோஜாவ எதுக்கு ஸ்டோருக்குக் கூப்பிட்டீக?"

அவர் காலைக் கீழே இறக்கினார். அதற்கு அவரிடம் மூன்று பதில் இருந்தது. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

புகார் உண்மை, சீனிவாசகத்தை வேலையைவிட்டு நீக்க வேண்டும் என்று ஐம்பத்திரண்டாம் நாள் குழு அறிக்கை கொடுத்தது. சீசன் நேரம், ஆர்டர் குவிந்து கிடக்கிறது, அனுபவமான ஆள் என்று முதலாளி இழுத்தார். சொர்ணலட்சுமி சட்டப் புத்தகத்தை அவர் மேசைமேல் வைத்து, தாள் செருகிய பக்கத்தைத் திறந்து காட்டினாள். அந்த வாரமே சீனிவாசகத்துக்கு வேலை போயிற்று. வேலை நின்றுபோகும் என்று பயந்தார்களே, ஒரு லோடுகூடத் தாமதமாகவில்லை.

ஆடிக் கடைசி வெள்ளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை பேக்கிங் பிரிவு வேன் பிடித்து இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போயிற்று. வருடா வருடம் போகிறதுதான். இந்த முறை வேனில் எல்லோருக்கும் ஒரே கேள்வி. விசாரணையில் என்ன நடந்தது? வேறு யார் யார் பேசினார்கள்? வேலுத்தாயைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு பிய்த்து எடுத்தார்கள்.

"யக்கா, ஒரே ஒரு விசயம் மட்டும் சொல்லுங்க. நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

அவள் முறுக்கு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள். அது தீர்ந்ததும் இன்னொன்று. சாத்தூர் வருவதற்குள் முறுக்குப் பை காலி. அடுத்து சேவுப் பொட்டலத்தைப் பிரித்தாள். கோயில் வாசலில் இறங்கும்போது வயிறு உப்பிவிட்டது, வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ரோஜா யாரையும் பார்க்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆற்று மணலில் பொங்கல் வைத்தார்கள். பொங்கிய நேரத்தில் அடக்கி வைத்திருந்த தொண்டையை எல்லாம் சேர்த்து வேலுத்தாய் போட்ட குலவைச் சத்தத்தில் பக்கத்து அடுப்புக்காரர்கள் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார்கள்.

ஐப்பசி முடிந்து வேலை கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரத்தில் மஹ்ரீன் போன் செய்தாள். காரியாபட்டிப் பக்கம் ஒரு மில்லில் புதிதாகக் குழு போட்டிருக்கிறார்கள், பயிற்சிக்கு நீங்களும் பேச வாங்கக்கா என்றாள்.

"நானா? நான் என்னத்தம்மா பேச? எனக்குச் சட்டம் தெரியாதே."

"சட்டத்தை நான் பாத்துக்கறேன். நீங்க நடந்தத மட்டும் சொல்லுங்க."

சங்கிலிமுத்து அன்று லீவு போட்டுக் கூட வந்தார். பிரஸ்ஸில் கேட்டபோது, 'வீட்டம்மா பேசுறா' என்று காரணம் சொல்லியிருந்தார். பஸ்ஸில் ஜன்னல் சீட்டை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். "என்னங்க, கையெல்லாம் சில்லுன்னு இருக்கு" என்றாள் வேலுத்தாய். "உனக்கா?" என்று அவர் ஆச்சரியப்பட்டார்.

மில்லின் மாடிக் கூடத்தில் அறுபது பெண்களும் ஏழெட்டு ஆண்களும் இருந்தார்கள். புதுப் பேனா, புது நோட்டு, கழுத்தில் தொங்கும் அட்டை. மஹ்ரீன் அவளை முன்னால் கூப்பிட்டாள். மைக்கை நீட்டினார்கள். "இது எதுக்கு?" என்று தள்ளி வைத்துவிட்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எம் பேரு வேலுத்தாய். மத்தாப்புக் கம்பெனியில பேக்கிங். எங்க கம்பெனிக் குழுவுல நானும் ஒரு மெம்பர். எங்க பெட்டியில விழுந்த மொதப் புகாரு யார் மேலன்னு நெனைக்கீக?"

"மேனேஜர் மேல" என்றது ஒரு குரல். "போர்மேன்" என்றது இன்னொன்று.

"எம் மேலதான்."

கிளம்பிய சிரிப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சங்கிலிமுத்துவும் குலுங்கினார். சத்தம் அடங்கியதும் வேலுத்தாய் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். மாரீஸ்வரனின் பேரைச் சொல்லவில்லை. ரோஜாவின் விஷயத்துக்குப் பக்கத்திலேயே போகவில்லை. தன் கதையை மட்டும், கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். நடுவரிசையில் இருந்த ஓர் அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் குனிந்து, "நேத்து உன்னைய அப்படிச் சொன்னேன்ல, மனசுல வச்சுக்கிடாத" என்று முணுமுணுத்தது மேடைவரைக்கும் கேட்டது.

சாப்பாட்டு நேரம் வந்ததும் புளியோதரைப் பொட்டலத்தோடு ஐந்தாறு பேர் வேலுத்தாயைச் சுற்றிக்கொண்டார்கள். ஆளுக்கொரு கேள்வி. அவள் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒவ்வொருத்தரா வாங்க தாயி. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்கு."